ஐயாயிரம் பாட்டுகளும் ஓர் அழைப்பும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 3:1-10

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

நம் எல்லோருடைய வீடுகளிலும் ஏதோவொரு வடிவில் இருக்கின்ற ஒரு சிறு பொருளைக் குறித்து இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். பாட்டுக் கேட்கும் கருவிதான் அது. சட்டைப்பையில் அடங்குமளவுக்கு அது சிறுத்துப்போன வரலாற்றில், நம் செவிகளைப் பற்றியும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

1979ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாக்மேன்' என்னும் சிறு கேசட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்பது அதன் புதுமை. அந்த முதல் மாதிரியில் ஹெட்போன் செருகுவதற்கு இரண்டு துளைகள் இருந்தன என்பதை இன்று பலர் அறியார். செம்மஞ்சள் நிறப் பொத்தான் ஒன்றும் அதில் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தாழும். கேட்டுக்கொண்டிருக்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது அருகிலிருப்பவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்று அந்நிறுவனத்தின் அகியோ மொரிட்டா கருதினார். ஆனால் வாங்கியவர்கள் அதைத் தனித்தே கேட்க விரும்பினார்கள். அடுத்தடுத்து வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் நீங்கிற்று. நாளடைவில் இரண்டாவது துளையும் மறைந்தது.

வடசென்னை மக்களாகிய நம்மில் பலருக்கு இத்தகைய கருவிகள் பர்மா பஜார் வழியாகவே அறிமுகமாயின. பர்மாவிலிருந்து திரும்பிவந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே உருவான கடைகள் அவை. அங்கே பேரம் பேசி வாங்கிய வாக்மேனோடு கும்மிடிப்பூண்டி ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கியவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

கேசட்டுக்குப் பின் வந்தது எம்பி3. ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய முறை இது. 1995இல் இதற்கு எம்பி3 என்னும் பெயர் வழங்கலாயிற்று. நம் செவியின் ஒரு பலவீனத்தை அறிந்து அமைத்த முறை இது. பலத்த ஓசை எழும்போது அதனோடு சேர்ந்து எழும் மெல்லிய ஓசையை நம் செவி உணர்வதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி கடக்கும்போது, எதிரே நிற்பவரின் உதடு அசைவது தெரிகிறது, சொல் கேட்பதில்லை. அவர் பேசத்தான் செய்கிறார், நமக்குத்தான் எட்டவில்லை. இவ்வாறு எட்டாமல் போகக்கூடியவற்றை முன்கூட்டியே கணித்து நீக்கிவிட்டால், பாட்டின் அளவு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அதன்பின் கருவிகள் விரைந்து சிறுத்தன. 1998இல் கொரியாவின் சேஹான் நிறுவனம் வெளியிட்ட 'எம்பிமேன்' ஏறக்குறைய அரைமணி நேரப் பாட்டையே கொண்டிருந்தது. 2001ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஐபாட்' ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பைக்குள் அடக்கிற்று. 2005இல் வந்த 'ஐபாட் ஷஃபிள்' வெறும் 22 கிராம் எடைதான். அதில் திரைகூட இல்லை. பின்னர் கைப்பேசியே எல்லாமாகிவிடவே, 2022 மே மாதத்தில் ஐபாட் வரிசையையே நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது.

ஆனால் நம் தேசத்தில் இடையே வேறொன்று நடந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த கிராமபோன் நிறுவனத்தின் வழிவந்த 'சரிகம', 2017இல் 'கார்வான்' என்னும் பெட்டியை வெளியிட்டது. பார்வைக்குப் பழைய வானொலிப் பெட்டி. உள்ளே ஐயாயிரம் பழைய பாடல்கள் முன்னதாகவே ஏற்றப்பட்டிருந்தன. இணையம் வேண்டாம், குமிழைத் திருப்பினால் போதும். தமிழ்ப் பாடல்களோடும் அது வந்தது. பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்குப் பரிசாக வாங்கிக்கொடுக்கும் பொருளாக அது விளம்பரமாயிற்று, அப்படியே வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

நம் பகுதியில் நான் சந்திக்கச் சென்ற ஒரு தாயாரின் வீட்டிலும் அது இருந்தது. கப்பலில் வேலை செய்யும் மகன் வாங்கிக்கொடுத்தது. பென் டிரைவில் கீர்த்தனைகளையும் நிரப்பிச் செருகி வைத்திருந்தார். "பாட்டெல்லாம் நல்லா இருக்குதா அம்மா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது ஐயா. ஆனா நான் மெதுவாத்தானே பாடுவேன், இது நிக்காம முன்னாடி போயிடுது" என்றார். பின்பு நாங்கள் இருவரும் ஒரு கீர்த்தனையைப் பாடினோம். அவர் மூச்சு வாங்க நின்ற இடங்களில் நானும் நின்றேன். ஒரு சரணத்துக்கும் அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

பாடி முடித்ததும் எனக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி பேரனை அழைத்தார். உள்ளறையில் இருந்த பிள்ளையின் இரு காதுகளிலும் இயர்போன் இருந்தது. இரண்டு முறை அழைத்தும் அவன் வரவில்லை. நான் எழுந்து போய்த் தோளைத் தொட்டதும் பதறி எழுந்து ஓடினான். அவன் கீழ்ப்படியாத பிள்ளை அல்ல. அழைப்பு அவனை எட்டவில்லை, அவ்வளவே.

அன்று இரவு எனக்குச் சாமுவேலின் நினைவு வந்தது. கர்த்தருடைய வார்த்தை அரிதாயிருந்த நாள்கள் அவை என்று வேதம் சொல்லுகிறது. ஏலி முதிர்ந்தவர், கண் மங்கியவர். தன் சொந்தக் குமாரரை அடக்கத் தவறியவர். பிள்ளையாண்டான் சாமுவேல் படுத்திருக்கையில் தன்னை யாரோ அழைக்கக் கேட்கிறான். அது கர்த்தருடைய சத்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கிழவர் அழைக்கிறார் என்று எண்ணி எழுந்து ஓடுகிறான். நான் அழைக்கவில்லை, திரும்பிப் போய்ப் படுத்துக்கொள் என்கிறார் ஏலி. மறுபடியும் அழைப்பு, மறுபடியும் ஓடுகிறான். மூன்றாம் முறையும் சலிப்பின்றி எழுந்து ஓடுகிறான்.

இவ்விடத்தில் சற்று நின்று கவனியுங்கள். கர்த்தருடைய சத்தத்தைக் கேட்பதற்குச் சாமுவேல் தனியாக எந்தப் பயிற்சியும் பெற்றிருக்கவில்லை. கண் தெரியாத ஒரு முதியவர் இரவில் அழைத்தால் எழுந்து ஓடும் வழக்கம் ஒன்றே அவனிடம் இருந்தது. அந்த வழக்கத்தின் மேல்தான் கர்த்தருடைய அழைப்பு வந்து இறங்கிற்று. அதை யாருடைய அழைப்பு என்று அறிந்து சொன்னவரும் அந்த முதியவரே. இளையவரின் செவியும் முதியவரின் அனுபவமும் ஒரே கூரையின்கீழ், கூப்பிடு தூரத்தில் இருந்தன. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிரியமானவர்களே, இந்தக் கருவிகளை நான் குறைகூறவில்லை. எழுத்தறியாதவர் வேதத்தைக் கேட்கிறார். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவருக்கு ஒரு கீர்த்தனை இரவைக் கடக்கத் துணையாகிறது. தாயின் தனிமையை எண்ணிக் கடல் நடுவிலிருந்து ஒரு மகன் காட்டிய அன்பும் மெய்யானதே. ஆனால் ஒரு மனுஷன் மூச்சு வாங்கும் இடத்தில் நின்று காத்திருப்பது கருவியால் ஆகாது. அது நமக்கென்று விடப்பட்டிருக்கிற ஊழியம்.

ஆகையால் இந்த வாரம் சிலவற்றைச் செய்துபாருங்கள். மாலைக் குடும்ப ஜெபத்தில் ஒரு கீர்த்தனையை வீட்டில் மிகவும் வயதானவருடைய வேகத்தில் பாடுங்கள். அவர் நிற்கும் இடத்தில் எல்லோரும் நில்லுங்கள். வெளியூரிலும் கப்பலிலும் இருக்கிற பிள்ளைகளே, பெட்டி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நேற்று எந்தப் பாட்டைக் கேட்டீர்கள், அது உங்களுக்கு எதை நினைப்பூட்டிற்று என்று தொலைபேசியில் கேளுங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி நாள்தோறும் நெடுந்தூரம் வேலைக்குச் செல்லுகிற வாலிபரே, வழியில் பாட்டுக் கேளுங்கள். வீட்டு வாசற்படியை மிதிக்குமுன் இயர்போனைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். உள்ளே உங்களை அழைக்கிற ஒருவர் இருக்கக்கூடும். பிள்ளைகள் இல்லாத முதியோர் உங்கள் தெருவில் இருந்தால், ஞாயிறு மாலை ஒரு மணிநேரம் அவர்களோடு உட்காருங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் வீட்டு முதியோரின் தாழ்ந்த குரலுக்கு எழுந்து ஓடும் செவியையும் கால்களையும் எங்களுக்குத் தாரும். தூரத்தில் உழைக்கிற பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். தனிமையில் பாடுகிறவர்களோடு நீரே இரும். எங்களையும் அவர்களிடத்தில் அனுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்