தொட்டிச் செடியும் திரியும்

நிலத்தில் வேரூன்றிய செடிக்கு நீர் வேட்கை உண்டாயின், அது தன் வேரை நீட்டி ஈரத்தைத் தேடிச் செல்லும். தொட்டியில் வளரும் செடிக்கு அப்பேறு இல்லை. ஒரு சாண் ஆழமுள்ள மண்ணே அதன் உலகம். அம்மண் உலர்ந்தால், நீர் வார்ப்பவரின் கையை எதிர்நோக்கி வாடி நிற்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரில் அக்கைகளே நீருக்கு ஏங்கின. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சூன் திங்களில் பெரும்பாலும் வறண்டு கிடந்தன. மக்கள் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றனர். குடிநீரையே அளந்து செலவிடும் வீட்டில் மாடித் துளசிக்கு நீர் வார்ப்பவர் யார்? மனமிரங்கி ஒரு செம்பு வார்த்தாலும், காய்ந்து இறுகிய மண் அதனை ஏற்பதில்லை. மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே உள்ள பிளவின் வழியே நீர் ஓடி, அடித்துளையால் வெளியேறிவிடும், வேர் நனைவதில்லை.

இவ்விடரை நீக்க ஒரு பழந்துணித் திரி போதும். அகல் விளக்கில் எண்ணெய் கீழே இருக்கிறது. சுடர் மேலே எரிகிறது. எண்ணெயை முகந்து சுடருக்கு ஊட்டுவார் எவருமில்லை. திரியின் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளே அதனை ஈர்த்து ஏற்றுகின்றன. இதனை நுண்புழை ஏற்றம் என்பர். தொட்டியிலும் இதுவே நிகழ்கிறது. வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உலரும் மண் திரியினின்று நீரை வாங்கிக் கொள்கிறது. வெயில் மிகுந்த நாளில் மிகுதியாகவும், மேகம் மூடிய நாளில் குறைவாகவும் நீர் ஏறும். இத்துணை நயமாக அளந்து வார்க்கும் கை மனிதருள் அரிது.

பலமுறை துவைத்த பழைய வேட்டியைச் சுண்டுவிரல் பருமனாகத் திரித்துக் கொள்ளுதல் நன்று. புதுப் பருத்தியில் மெழுகுப் பசை இருப்பதால் அது நீரை எளிதில் ஏற்காது. சலவைச் சோடா இட்டுக் கொதிக்கவைத்த பின்னரே உதவும். நனைத்த திரியின் ஒரு முனையை அடித்துளை வழியே தொட்டியின் நடுப்பகுதிவரை செலுத்தி, மண்ணை நிரப்ப வேண்டும். மறுமுனை கீழுள்ள பாத்திரத்து நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். இரண்டிற்கும் இடையே உயரம் கூடக் கூட, ஏறும் நீர் குறையும். ஆதலின் பாத்திரம் தொட்டியை ஒட்டியே இருத்தல் வேண்டும். வெறும் களிமண்ணாயின் ஈரம் தேங்கி வேர் அழுகும். தேங்காய் நார்த்தூள் கலந்த இலேசான மண்ணே இதற்கு ஏற்றது. பருத்தித் திரி சில திங்களில் மட்கிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

வெளியூர் செல்வோர், புறப்படுவதற்கு முன்பே இரண்டு நாள் திரியை இட்டு, எவ்வளவு நீர் குறைகிறது எனக் கண்டறிந்து, அதற்கேற்ற பாத்திரத்தை வைத்துச் செல்லலாம். அரிசி கழுவிய நீர் செடிக்கு நல்லது என்று எண்ணி அதில் ஊற்றினால், திரும்பி வரும்போது வீடே நாறும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பாத்திரத்தின் வாய். திறந்து கிடக்கும் நன்னீரில் ஏடிசுக் கொசு முட்டையிடும். பத்து நாட்களுக்குள் புதுக் கொசுக்கள் பறக்கும். துளசியைக் காக்க வைத்த நீர் வீட்டுக் குழந்தையை டெங்குக் காய்ச்சலில் வீழ்த்துமாயின் அதனினும் கொடுமை உண்டோ? குறுகிய வாயுடைய குப்பியைக் கொண்டு, திரியைச் சுற்றியுள்ள இடைவெளியைத் துணியால் இறுக அடைத்துவிட வேண்டும்.

கிணற்று நீரின் உப்பு நாளடைவில் மண்ணின் மேல் வெண்மையாகப் படியும். திங்களுக்கு ஒருமுறை மேலிருந்து நிறைய நீர் வார்த்தால் அது கரைந்து வெளியேறும். மழை பெய்யும் நாளில் தொட்டியைக் குப்பியினின்று எடுத்து முற்றத்தில் வைத்துவிட்டால், அவ்வேலையை மழையே செய்துவிடும்.