வழுக்கைக்கு மருந்து உண்டா?

முடி கொட்டுகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மருந்து சொல்லாத ஆளே இருக்க மாட்டார். கரிசலாங்கண்ணி, வெந்தயம், செம்பருத்தி, சின்ன வெங்காயம் என்று ஒரு பட்டியல் வரும். கூடவே 'போர் தண்ணியில குளிக்காத', 'ராத்திரி கண்ணு முழிக்காத', 'ஹெல்மெட் போடாத' என்று அறிவுரைகளும் வரும். (ஹெல்மெட் போடாதே என்பவர், முடி இருப்பதற்கு முதலில் தலை இருக்க வேண்டும் என்பதை மறந்து விடுகிறார்!)

ஆண்கள் விடுதியில் இந்தப் பேச்சு இன்னும் அதிகம். என் அறை நண்பனுக்கு இருபத்திரண்டு வயதில் நெற்றி இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கியது. அவன் விஷயத்தைச் சாக்காக வைத்துத்தான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பெயர் போடாமல் எழுதிக்கொள் என்று அவன் அனுமதி கொடுத்திருக்கிறான். அவன் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அடிப்படை.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில வருடங்கள் வளர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து, விழுந்து, அதே வேரிலிருந்து மறுபடி முளைக்கிறது. அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. சீப்பில் நாலு முடியைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

பதற வேண்டிய உதிர்தலும் ஒரே வகை அல்ல. இது புரியாததால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

முதல் வகை, டைபாய்டு, டெங்கு, பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, கடும் பட்டினி போன்றவற்றுக்குப் பிறகு வருவது. வளர்ந்து கொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். கொரோனா வந்து போனவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். காரணம் நீங்கினால் சில மாதங்களில் தானாகவே திரும்பி வரும். அந்த நேரத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்துக் கொண்டிருந்தோமோ அதற்குப் பெயர் கிடைத்து விடும்!

இரண்டாவது, நம் ஊரில் புழுவெட்டு என்று சொல்வது. வட்டமாக, காசு அளவுக்கு முடி போய்விடும். பெயரில்தான் புழு, உண்மையில் புழுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது. சிறிய வட்டங்கள் பல தானாகவே ஆறிவிடும். அல்லது தோல் மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார். தலை முழுவதும் போய்விட்டவர்களுக்குப் பல வருடங்கள் நல்ல வழி இல்லாமல் இருந்தது. 2022ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் பாரிசிடினிப் என்ற மாத்திரையை இதற்கு அனுமதித்தது. 2023ல் ரிட்லெசிடினிப் வந்தது, இது 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் என்பதால் தொற்று அபாயம் உண்டு. நிறுத்தினால் பலருக்கு மறுபடி உதிரும்.

மூன்றாவதுதான் வழுக்கை. நெற்றியும் உச்சியும் காலியாகி, பின்னாலும் பக்கத்திலும் மட்டும் குதிரை லாடம் போல் முடி மிஞ்சுவது. காரணம் தண்ணீர் இல்லை, ஷாம்பு இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், பருவ வயதுக்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், ஹார்மோன் கொடுத்தால் குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு விழுகிறது என்றும் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் நம் உடம்பில் டி.எச்.டி. என்ற இன்னொரு வடிவமாக மாறுகிறது. அது படப் பட, பரம்பரையாக அதற்கு இளகிய வேர்கள் சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பூனை முடி போல மெலிந்த முடியை விடுகின்றன. பின் தலை வேர்கள் மட்டும் அசைந்து கொடுப்பதில்லை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கு நல்ல ஆதாரம் உள்ள மருந்துகள் முக்கியமாக இரண்டு. இரண்டும் வழுக்கைக்காகத் தேடிக் கண்டுபிடித்தவை அல்ல என்பதுதான் வேடிக்கை.

மினாக்சிடில் என்பது ரத்த அழுத்த மாத்திரை. அமெரிக்காவின் அப்ஜான் கம்பெனி தயாரித்தது. சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் எதிர்பாராமல் முடி முளைத்தது. பக்க விளைவையே வியாபாரம் ஆக்கினால் என்ன என்று தோன்றி, தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988ல் 2 சதவீதத் திரவத்துக்கு அனுமதி கிடைத்தது, 1997ல் 5 சதவீதம் வந்தது. தினமும் தடவ வேண்டும். முதல் சில வாரங்களில் உதிர்தல் அதிகமாகும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி வரும் அறிகுறி அது. இங்கேதான் பாதிப் பேர் பயந்து பாட்டிலைத் தூக்கிப் போடுகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்ததெல்லாம் சில மாதங்களில் போய்விடும்.

ஃபினாஸ்டரைடு கதை இன்னும் சுவாரசியம். டொமினிக்கன் குடியரசில் சலினாஸ் என்ற கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறுவதை ஜூலியன் இம்பெரட்டோ மெக்கின்லி என்ற மருத்துவர் குழு 1974ல் எழுதியது. டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. ஆக்கும் என்சைம் அவர்களுக்குக் குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி சிறியதாக இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த என்சைமைத் தடுக்க மெர்க் கம்பெனி செய்த மருந்துதான் ஃபினாஸ்டரைடு. 1992ல் பிராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997ல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம். ரத்தத்தில் டி.எச்.டி. அளவை சுமார் 70 சதவீதம் குறைக்கும். உதிர்தலை நிறுத்துவதில் இதற்கு நல்ல பெயர்.

ஆனால் மறைக்கக் கூடாத பக்கமும் இருக்கிறது. சிறு விகிதத்தினருக்குப் பாலுணர்வு குறைதல், விறைப்புக் குறைவு வரும். பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகிறது, சிலர் நிறுத்திய பிறகும் தொடர்வதாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் இந்த மருந்தின் பக்க விளைவுகளில் ஒன்று என்று உறுதி செய்தது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் உள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். ஆகவே 'நண்பன் சாப்பிடுறான், எனக்கும் ரெண்டு ஸ்ட்ரிப் குடுங்க' என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற சமாச்சாரம் இல்லை இது.

இனி அறுவை சிகிச்சை. 1952ல் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் பின் தலையிலிருந்து தோலோடு முடியை எடுத்து முன் தலையில் நட்டார். இடம் மாறினாலும் அந்த முடி பின் தலை குணத்தோடேயே வளர்ந்தது, உதிரவில்லை. நாற்று எந்த வயலில் நட்டாலும் விதையின் குணம் மாறாது என்பது போல. இன்று வரை எல்லா முடி நடவுக்கும் அடிப்படை இதுதான். அப்போது 4 மில்லிமீட்டர் கட்டிகளாக நட்டதால் பொம்மையின் தலை போலத் தெரிந்தது. 1990களில் நுண்ணோக்கி வைத்து, இயற்கையாக ஒன்று முதல் நாலு முடி சேர்ந்திருக்கும் சிறு கொத்துகளாகப் பிரித்து நடத் தொடங்கினார்கள். 2002ல் எஃப்.யூ.இ. முறை பற்றிய கட்டுரை வந்தது. பின் தலையில் ஒரு பட்டையை வெட்டித் தைக்காமல், ஒரு மில்லிமீட்டர் அளவு ஊசிக் குழலால் கொத்துக் கொத்தாக எடுப்பது. நட்ட முடி முதல் மாதத்தில் உதிர்ந்து விடும். மூன்று நாலு மாதத்தில் முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 3000 கொத்து என்றால் சராசரியாக 6000 முடி. ஒரு லட்சம் இருந்த தலையில் பாதி போனவருக்கு இழப்பு 50,000. ஆக நடவு என்பது இழந்ததைத் திருப்பித் தருவது அல்ல. இருப்பதை இடம் மாற்றி, நிறைய இருப்பது போலக் காட்டுவது. பின் தலைக் கையிருப்போ ஆயுளுக்கும் சில ஆயிரம் கொத்துகள்தான்.

இப்போது என் நண்பன் கதை. அவன் போன ஒரு தனியார் கிளினிக்கில் முதலில் பார்த்தது மருத்துவரை அல்ல, 'ஆலோசகர்' ஒருவரை. பத்து நிமிடத்தில் 3000 கொத்து என்று எழுதி, ஆயுத பூஜை சலுகை, மாதத் தவணை வசதி என்று காகிதம் நீட்டினார். அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை முன்பணமாகக் கட்ட இவன் தயார். கட்டுவதற்கு முன் இன்னொருவரைக் கேட்டுவிடலாம் என்று அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு இழுத்துக் கொண்டு போனேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம்.

அந்த அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "தம்பி, உனக்கு இன்னும் எவ்வளவு கொட்டும்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இன்னைக்கு முன்னாடி நட்டா, அது நிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கறது நாளைக்குக் கொட்டும். முப்பது வயசுல நெத்தியில ஒரு வேலி, நடுவுல பொட்டல். அப்ப நடறதுக்குப் பின்னாடியும் முடி இருக்காது." பிறகு, மனச்சோர்வுக்கு எப்போதாவது சிகிச்சை எடுத்ததுண்டா என்று கேட்டார். இவன் கொஞ்சம் தயங்கி, பிளஸ் டூ முடித்த வருடம் எடுத்ததாகச் சொன்னான். எனக்கே அன்றுதான் தெரியும். அப்படியானால் ஃபினாஸ்டரைடு இப்போது வேண்டாம், மினாக்சிடில் மட்டும் போதும் என்றார். கிளினிக்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2016ல் சென்னையில் மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர், அழகு நிலையம் ஒன்றில் முடி நடவு செய்துகொண்ட பிறகு உடல்நிலை மோசமாகி இறந்து போனார். மருத்துவம் படித்தவருக்கே இந்த கதி. அதன் பிறகு 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், யார் முடி நடவு செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன், தோல் மருத்துவர் போன்றவர்கள் செய்ய வேண்டியது இது. மரத்துப்போக ஊசி, பல மணி நேர வேலை, அவசரம் வந்தால் காப்பாற்ற ஆளும் கருவியும், இத்தனையும் வேண்டும். முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்து செய்து கொள்கிற காரியம் அல்ல.

சட்டமும் ஒன்று சொல்கிறது. இந்திய மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில், குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக் கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதில் வழுக்கையும் உண்டு. அதனால்தான் பல விளம்பரங்கள் 'முடி வளரும்' என்பதைச் சுற்றி வளைத்துப் பேசுகின்றன. அடுத்த முறை பார்க்கும்போது கவனித்துப் பாருங்கள்.

ஆக, செய்யப் போகிறவர் யார், அவர் படிப்பு என்ன, எனக்கு இருப்பது எந்த வகை உதிர்தல், பத்து வருடம் கழித்து என் தலை எப்படி இருக்கும். பணம் கட்டும் முன் இந்த நாலு கேள்விக்கும் பதில் வாங்கி விடுங்கள். பதில் சொல்லாத இடத்திலிருந்து எழுந்து வந்து விடுங்கள்.

நண்பன் எட்டு மாதமாக மினாக்சிடில் தடவுகிறான். போன நெற்றி இறங்கி வரவில்லை, ஆனால் உதிர்தல் நன்றாகக் குறைந்திருக்கிறது. செமஸ்டர் கட்டணம் கட்டியாகி விட்டது. 'பொண்ணு பார்க்கப் போகும்போது என்னடா பண்ணுவேன்' என்று மட்டும் இன்னும் கேட்கிறான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. மாப்பிள்ளையின் தலையைப் பார்க்கும் சொந்தக்காரர்களுக்கும், சொட்டை என்றாலே சிரிக்கும் நமக்கும்தான் அதற்கு மருந்து வேண்டும்.