ஹைப்ரிட் கன்றும் மந்தைவெளி மாமியும்

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரே ஒரு தென்னை. வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்தின் நெட்டை-குட்டை ஹைப்ரிட் ரகம். நாலாம் வருஷமே பாளை விட்டது.

எனக்கு ஆசை வந்துவிட்டது. முற்றிய நெற்றுகளை மணலில் பதித்து, முளைத்த கன்றுகளைத் தெரிந்தவர்களுக்கு விற்றேன். "ஹைப்ரிட் மாமி, சீக்கிரம் காய்ச்சுடும்!"

ஆறு வருஷம் கழித்து மந்தைவெளி மாமி கேட்டார்: "என்னம்மா, உன் கன்னு பனைமரமாட்டம் வளர்ந்துண்டே போறது. ஒரு பாளையைக் காணோமே?"

பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் அண்ணாவிடம் போனில் கேட்டேன். சிரித்தான்.

"நெட்டை மரத்துப் பாளையில ஆண் பூவையெல்லாம் நீக்கிட்டு, குட்டை மரத்து மகரந்தத்தைக் கையால தூவி எடுக்கற காய்தான் ஹைப்ரிட். 1930-கள்ல, அப்போ சென்னை மாகாணத்துல இருந்த நீலேஸ்வரத்துலதான் உலகத்துலயே முதல்ல அப்படிப் பண்ணினா. ஒவ்வொரு தடவையும் புதுசா தூவணும். ஹைப்ரிட் மரத்து நெத்தைப் போட்டா, ஒண்ணு தாத்தா மாதிரி வரும், ஒண்ணு பாட்டி மாதிரி வரும்!"

கூசிப்போனேன். மாமியிடம் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. "நிழல் தரதே, இருக்கட்டும்."

இப்போதும் கன்று முளைக்க வைக்கிறேன். கேட்டவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறேன். 'ஹைப்ரிட்' என்று மட்டும் சொல்வதில்லை.