கூதிர்க்காலமும் நீர்க்கோவையும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது தமிழ் மரபு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. கூதிர் தொடங்கிப் பின்பனி முடியும் வரையிலான இவ்வாறு மாதங்களில், தும்மலும் இருமலும் கேளாத வகுப்பறையை நம் பதினெட்டு ஆண்டு ஆசிரியப் பணியில் நாம் கண்டதில்லை.

இந்நோய்க்குத் தமிழில் பெயர்கள் பல. வடமாவட்டங்களில் சளி, ஜலதோஷம் என்பர். நெல்லைச் சீமையில் தடுமன். ஈழத்தில் தடிமன். சித்த மருத்துவர் வழங்கும் சொல் நீர்க்கோவை. தலையில் நீர் கோத்துக் கொண்டது என்னும் பொருளை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. பெயர் பலவாயினும் நாம் செய்யும் பிழை ஒன்றே: சாதாரணச் சளியையும் இன்புளுயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சலையும் ஒன்றெனக் கருதிவிடுகிறோம். சளியை உண்டாக்கும் வைரசுகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. அது மெல்ல வரும், மூக்கில் ஒழுகும், ஒரு வாரம் அல்லது பத்து நாளில் தானே அகலும். ஃப்ளூவோ திடீரென வந்து தாக்கும். கடுங்காய்ச்சல், உடல்வலி, எழுந்து நடக்கவொட்டாத சோர்வு ஆகியன அதன் அடையாளங்கள். 1918இல் பம்பாய்த் துறைமுகம் வழியே இந்தியாவில் நுழைந்த ஃப்ளூ, ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனது என்பது வரலாறு. 2009இல் பன்றிக் காய்ச்சல் என நம்மை அஞ்சவைத்ததும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

நக்கீரரின் நெடுநல்வாடையைப் பயிற்றும் போதெல்லாம் ஒரு பகுதியில் நாம் சற்றே நின்றுவிடுவதுண்டு. கூதிர்க்காலத்து நகரம் அங்கே வருகிறது. வேனிலில் தென்றலைக் கொணர்ந்த சாளரங்களின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. விசிறிகள் சிலந்தி நூல் படிந்து தொங்குகின்றன. குளிர்ந்த நீரை யாரும் விரும்பவில்லை; அகன்ற வாயுடைய தடாவில் இட்ட நெருப்பைச் சூழ்ந்து குளிர் காய்கின்றனர். மாணவர்க்கு இதனை விளக்கிவிட்டுத் தலை நிமிர்ந்தால் நம் வகுப்பறையும் அவ்வாறே இருக்கும். சாரல் அடிக்கிறது என்று சன்னல்கள் சாத்தப்பட்டிருக்கும். ஐம்பது பேர் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பர்.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பது நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. மழைநீரில் வைரசு இல்லை. மழைக்கு ஒதுங்கி நாம் கூடும் அடைத்த அறையில்தான் அது இருக்கிறது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் அங்கே காற்றில் தங்கும். மூக்கைத் துடைத்த கை கதவின் பிடியைத் தொடும். அதனை அடுத்துத் தொட்டவர் தம் கண்ணையோ மூக்கையோ தொடுவார். ஆதலின் எதிரெதிரே இரு சன்னல்களைச் சிறிது திறந்துவைத்தல், வீடு திரும்பியதும் சோப்பிட்டு இருபது நொடியேனும் கை கழுவுதல், முழங்கையை மடித்து அதனுள் தும்முதல், நோயுற்றவர்க்குத் தனித் துண்டு ஒதுக்குதல் ஆகிய எளிய செயல்களே முதற்காப்பு.

சென்ற ஆண்டு கார்த்திகையில், பள்ளிக்குச் சென்ற பேரனிடமிருந்து நம் அன்னையார்க்குக் காய்ச்சல் தொற்றியது. அவர்க்கு அகவை எழுபத்தாறு, நீரிழிவும் உண்டு. பையன் மூன்றாம் நாளே தெருவில் பந்தாடினான். அன்னையார்க்கோ அது நுரையீரல் அழற்சியாக முற்றி, ஒன்பது நாள் மருத்துவமனையில் கழிந்தது. இரவுகளில் பிராணவாயுக் குழாயின் ஓசையைக் கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தபோது, ‘வெறும் ஃப்ளூதானே’ என்ற சொற்றொடர் நம் நாவினின்றும் என்றென்றைக்குமாக நீங்கியது.

இவ்வாண்டு மழைக்கு முன்பே மருத்துவர் தடுப்பூசியை நினைவூட்டினார். அன்னையார் இசையவில்லை. “சுக்கும் மிளகும் திப்பிலியும் கொடுத்துத்தானேடா உன்னை வளர்த்தேன்? இப்ப மட்டும் ஊசி எதுக்கு?” என்றார். தமிழாசிரியனுக்கு இது சங்கடமான வினா. அம்மூன்று பொருளின் கூட்டுக்குத் திரிகடுகம் என்று பெயர். அப்பெயரையே தம் நூலுக்குச் சூட்டி, பாட்டுக்கு மூன்று அறம் வைத்தார் நல்லாதனார். அதனைப் பழித்துப் பேச நமக்கு மனம் எழவில்லை. பழிக்கத் தேவையும் இல்லை. சூடான கஷாயம் தொண்டைக்கு இதம் தரும். பசியின்றிக் கிடப்பவர் வயிற்றில் நீர் சேர்க்கும். ஆனால் இன்ன ஃப்ளூ வைரசு வரப்போகிறது என்று உடலுக்கு முன்னறிவிப்பது அதனால் ஆகாது. அது தடுப்பூசியின் வேலை. அவ்வைரசு உருமாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஊசியின் கலவையைப் பரிந்துரைக்கிறது; ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளச் சொல்வதும் அதனால்தான். முழுமையாகத் தடுக்காவிடினும் நோயின் கடுமையை அது குறைக்கும். காப்பு உருவாக ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகும். இவற்றையெல்லாம் மூன்று மாலைகள் எடுத்துரைத்தோம். நான்காம் நாள் அன்னையார் ஊசி போட்டுக்கொண்டார். வீடு திரும்பியதும் கஷாயமும் வைத்துக் குடித்தார்.

மருந்துக் கடையில் “சளிக்கு ரெண்டு மாத்திரை” என்று கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யா. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதாலேயே அவை தேவை என்பதும் இல்லை. வேண்டாத போது உண்டால், வேண்டிய காலத்தில் அவை பயனற்றுப் போகும். ஆவி பிடித்தல் மூக்கடைப்புக்கு ஆறுதல் தரும். ஆயின் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே குழந்தைகளை விடலாகாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியன கண்டால் கஷாயத்தோடு காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். முதியோர், கருவுற்றோர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவும் இழைப்பும் உடையோர் முதல் நாளிலேயே செல்வது நன்று.

இவையெல்லாம் தெரிந்தவர்களாலும் செய்ய இயலாத ஒன்று உண்டு. அது வீட்டில் இருத்தல். சென்ற நவம்பரில் ஒரு மாணவி கண் சிவந்து, நடுங்கியபடி வகுப்புக்கு வந்தாள். வீட்டுக்குப் போ அம்மா என்றோம். “அட்டெண்டன்ஸ் போயிடும் ஐயா, ஏற்கெனவே எழுபத்தாறுதான் இருக்கு” என்றாள். எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வுக்கு இடர். மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாம். அதற்கு மருத்துவர்க்குப் பணம், பின்னர் அபராதக் கட்டணம். கூலி வேலை செய்யும் தந்தையின் மகள் காய்ச்சலோடு வருவதையே தேர்ந்துகொண்டாள். அடுத்த பத்து நாளில் அவ்வகுப்பில் பதினொருவர் படுத்தனர். அவர்கள் வீடுகளிலும் பாட்டிமார் இருந்திருப்பர்.

இதனைத் துறைக் கூட்டத்தில் எடுத்துரைத்தோம். விதி நம் கையில் இல்லை என்றனர், உண்மைதான். எனினும், காய்ச்சலால் வாராதவர்க்குப் பாடக்குறிப்புகளைக் கைப்பேசியில் அனுப்புவது என்றும், விடுபட்ட அகமதிப்பீட்டுத் தேர்வை மீண்டும் எழுத விடுவது என்றும் துறையளவில் முடிவாயிற்று. வருகைப் பதிவு குறித்த விண்ணப்பம் மேலிடத்திற்குச் சென்றுள்ளது. விடை வரவில்லை, மீண்டும் எழுதுவோம்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். கூதிர்க்காலத்தில் முதல் மூன்றைப் பற்றியே நாம் மிகுதியும் பேசுகிறோம். காய்ச்சலுற்ற ஒருவரை இரண்டு நாள் படுத்திருக்க விட்டு, அவர் வேலையைத் தாம் ஏற்றுக்கொள்ளும் அந்நான்காமவர் இல்லத்திலும் அலுவலகத்திலும் கல்லூரியிலும் வேண்டும். அடுத்த முறை உடன் பணிபுரிபவர் இருமிக்கொண்டே வந்தால், நீங்கள் போய் ஓய்வெடுங்கள், உங்கள் வகுப்பை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

நலமே சூழ்க!