புட்டி பூசினால் வெடிப்புத் திரும்ப வரும்

இரும்பு உடம்புக் கார் மோதினால் நெளியும். பைபர் கிளாஸ் உடம்புக் கார் நெளியாது, உடைந்து சிதறும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்துகிற ரிங்கரிங் வேலை எங்கட ஆக்களுக்குப் பழக்கமானது. சிதறினதைப் பார்த்தால்தான், "சரி, இனி எறிய வேண்டியதுதான்" என்று நினைத்துவிடுகிறோம். உண்மை வேறு. பைபர் கிளாஸை உடைந்த இடத்தில் இருந்தே திரும்பக் கட்டி எழுப்பலாம். ஒழுங்காகச் செய்தால் பலம் திரும்பி வரும். ஏனோதானோ என்று செய்தால் கொஞ்சக் காலத்தில் பெயின்ற்றுக்கு மேலே வெடிப்பு வந்து காட்டிக் கொடுக்கும்.

எங்களிடம் 1971 ஆம் ஆண்டுக் கோர்வெட் ஒன்று இருக்கிறது. 1953 இல் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரில் செவ்ரொலே இந்தக் காரைக் கட்டத் தொடங்கியபோது, முதல் வருடம் வந்தவை 300 கார்கள்தான். எல்லாமே வெள்ளை நிறம். அன்று தொடக்கமே அதன் வெளியுடம்பு கண்ணாடி நாரும் ரெசினும். அடியில் இரும்புச் சேசிஸ். கோர்வெட் என்பது உண்மையில் ஒரு வகைச் சிறிய போர்க்கப்பலின் பெயர். கப்பல் பெயர் வைத்த இந்தக் காரின் உடம்பும் படகு கட்டுகிற சாமானால் ஆனது. இது எங்கள் வீட்டில் பிறகு பெரிய கதையாகிவிட்டது.

போன வருடம் மே மாதம், ஸ்காபரோவில் பச்சை விளக்கில் நேரே போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த வாகனம் திடீரென்று எங்களுக்குக் குறுக்கே திரும்பியது. வேகம் அதிகமில்லை. எனக்கும் பக்கத்தில் இருந்த 15 வயது மகளுக்கும் பெல்ற் இறுக்கிய கன்றலைத் தவிர வேறு காயமில்லை. காருக்குத்தான் சேதம். இடப்பக்க முன் மட்காட் துண்டு துண்டாகப் போனது. மேலே எழும்புகிற முன் விளக்கின் கூடு உடைந்தது. குரோம் பம்பர் வளைந்தது. பொலிஸ் வந்து வாகனங்களை மறித்த நேரத்தில் றோட்டில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டேன். இப்படியான கார் வைத்திருப்பவர்கள் நகம் அளவு துண்டையும் விடக்கூடாது. உடைந்த விளிம்புகள் ஒன்றோடு ஒன்று பொருந்தும். பழைய வளைவு எப்படி இருந்தது என்று அவைதான் சொல்லும்.

அதற்குப் பிறகு மகள் எந்தக் காரிலும் முன் இருக்கையில் ஏறவில்லை. ஒன்ராறியோவில் 16 வயது வந்தால் ஜீ-1 எடுக்கலாம். அவளுடைய சிநேகிதிகள் நாள் எண்ணிக்கொண்டு இருந்தார்கள். இவள் "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். "காரைக் குடுத்திடுங்கோ. பார்க்கப் பார்க்க அவளுக்கு அதுதான் ஞாபகம் வரும்" என்றார் மனைவி. காப்புறுதிக் கணக்கைப் பார்த்தாலும் கொடுத்துவிடுவதே சுலபம். ஒரு கிழமை அந்த முடிவுக்குக் கிட்டத்தான் நின்றோம்.

அப்பாவுக்கு 78 வயது. எங்களோடுதான் இருக்கிறார். ஒருநாள் கராஜுக்குள் வந்து அந்தப் பையைக் கொட்டினார். ஒரு துண்டின் உடைந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது படகுச் சாமானெல்லே."

காரைநகரில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீநோரில் அப்பா 1970களில் வேலை செய்தவர். பைபர் கிளாஸ் மீன்பிடிப் படகு கட்டிய இடம் அது. அவர் 'படகு வேலை' செய்தவர் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பழக்கமான அப்பா, ரொறன்ரோவில் இரவு வேலைக்குத் தொழிற்சாலை போய்க் காலையில் வந்து படுக்கிற அப்பா.

அவர் மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, உனக்குக் கண் நல்லம். இந்தத் துண்டுகளைப் பொருத்தித் தா பாப்பம்." காரில் ஏறச் சொல்லவில்லை, பயத்தைப் பற்றியும் ஒரு சொல் கதைக்கவில்லை. அவள் நிலத்தில் இருந்து ஜிக்சோ அடுக்குவதுபோல அடுக்கத் தொடங்கினாள்.

முதல் வேலை உடம்பில் இல்லை, சேசிஸில். பம்பர், கிறில், விளக்கு, பொனட் எல்லாம் கழற்றினோம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துளைகளுக்கு இடையே குறுக்கு மூலை அளவுகள் எடுத்தோம். இரண்டும் ஒத்து வந்தால்தான் சேசிஸ் கோணவில்லை என்று அர்த்தம். எங்களுக்கு ஒத்து வந்தது. கோணின சேசிஸுக்கு மேல் எவ்வளவு அழகாகப் பூசினாலும் பொனட் இடைவெளி ஒருநாளும் சரிவராது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத சேதம். இந்தக் காரின் பலகைகள் உட்புறத்தில் பட்டிகள் வைத்து ஒட்டப்பட்டவை. அடி ஒரு மூலையில் விழுந்தாலும் ஒட்டு வேறொரு இடத்தில் விட்டிருக்கும். அப்பா ஒரு டொலர் காசை மகளின் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும். உள்ளே பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். அவள் தட்டித் தட்டிச் சோக்கால் வட்டம் போட்டாள். ஒரு வட்டம் மோதல் நடந்த இடத்துக்கு நல்ல தூரம். அங்கே சுரண்டினால் தடித்த புட்டி. எங்களுக்கு முன் காரை வைத்திருந்த யாரோ ஒரு பழைய வெடிப்பை மூடிவிட்டிருக்கிறார். புட்டிக்குக் கீழே வெடிப்பு அப்படியே இருந்தது, இன்னும் நீண்டும் இருந்தது.

"இதையும் திருத்த வேணுமா அப்பப்பா? வெளியில தெரியேல்லையே" என்று மகள் கேட்டாள்.

"கடலுக்குப் போறவனுக்கு வெளியில தெரியாத வெடிப்புத்தான் பிள்ளை ஆபத்து. நாங்கள் ஒருநாளும் மூடிக் குடுத்தனுப்ப மாட்டம்."

வெடிப்பைத் திருத்துவதற்கு முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். உடைந்த விளிம்பில் மட்டும் ஒட்டினால் நிற்காது. சுற்றியுள்ள நல்ல பாகத்தையும் சரிவாக அராவி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் அகலச் சரிவு எடுக்க வேண்டும். புதுப் படை பழையதன் மேல் அகலமாகப் படுத்தால்தான் பிடிக்கும். உட்புறத்திலும் இதே வேலை. பிறகு அசிற்றோனால் துடைத்து, துண்டுகளை மெல்லிய அலுமினியப் பட்டியும் திருகாணியும் வைத்து இடத்தில் நிறுத்தி, பொனட்டைத் திரும்பப் போட்டு இடைவெளி பார்த்த பிறகுதான் ரெசின் கலந்தோம்.

அராவுகிற வேலையையும் ஹார்ட்னர் கலக்கிற வேலையையும் மகளுக்குக் கொடுக்கவில்லை. கண்ணாடித் தூசு நுரையீரலுக்குக் கூடாது, ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கராஜ் கதவு முழுக்கத் திறந்து, மூவரும் ஆவி வடிகட்டுகிற முகமூடியும் கண்ணாடியும் கையுறையும் போட்டோம். ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. சூடான நாளில் குறைவாக. கலந்தால் கால் மணித்தியாலம் அளவில் வேலையை முடிக்க வேண்டும். நார் விரிப்பில் ரெசின் ஊற, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளுவது மகளின் வேலை. "காத்து நிண்டால் அந்த இடம் பிறகு வெடிக்கும். அவசரப்படாதை, ஆனா நிக்கவும் வேண்டாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். (1970களின் நடுப்பகுதிக்குப் பிந்திய கோர்வெட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பலகையின் சேர்மானம் மாறியது. அதில் சாதாரண பொலியெஸ்ரர் ரெசின் சரியாகப் பிடிக்காது. எபொக்சி வகை தேவை.)

ஒரு படை இறுகும்வரை காத்திருக்கிற நேரத்தில்தான் கதை வந்தது. மகளின் தமிழ் அரைகுறை, அப்பாவின் ஆங்கிலமும் அப்படித்தான். ஆனால் கையில் ஒரே வேலை இருந்ததால் இரண்டு பேருக்கும் சொல் தட்டுப்படவில்லை. கல்லில் மோதி முன்பக்கம் பிளந்த படகை விடிய விடிய இருந்து திருத்திக் கொடுத்தது, பிறகு சண்டை வந்து வேலையும் ஊரும் விட்டுப் போனது, 1986 இல் இங்கே வந்தது எல்லாம் சொன்னார்.

"இங்க ஏன் இந்த வேலை செய்யேல்லை?" என்று மகள் கேட்டாள்.

"ஆரும் கேக்கேல்லை பிள்ளை. கிடைச்ச வேலைக்குப் போனன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எழும்பிப் போய் ரெசின் இறுகிவிட்டதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தார்.

எங்கள் வயதுப் பெற்றோர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறோம். அது வேணும்தான். ஆனால் உங்கள் வீட்டில் இருக்கிற பெரியவருக்குக் கையால் என்ன செய்யத் தெரியும்? தையலோ, தச்சோ, தோட்டமோ, வானொலி திருத்துவதோ. "பழைய கதை சொல்லுங்கோ" என்று கேட்டால் அவர்கள் சொல்வதில்லை. ஒரு உடைந்த சாமானைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் கை முதலில் பேசும், வாய் பின்னால் வரும். எங்கள் கராஜில் அப்படித்தான் நடந்தது.

ரெசின் இறுகினாலும் கொஞ்சக் காலம் சுருங்கிக்கொண்டே இருக்கும். உடனே பெயின்ற் அடித்தால் நாரின் தடம் மேலே தெரியும். அதனால் பல கிழமைகள் சும்மா விட்டோம். பெயின்ற்றை ஒரு கடையில் கொடுத்து அடித்தோம். செப்ரெம்பர் கடைசியில் கார் றோட்டுக்கு வந்தது.

மகள் முதல் நாள் ஏறவில்லை. மூன்றாம் கிழமை தானாகவே வந்து முன் இருக்கையில் இருந்தாள். எங்கள் தெருவின் முடிவு வரை போனோம். "போதும் அப்பா, திருப்புங்கோ" என்றாள். திருப்பினேன். ஜீ-1 பற்றி அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும்.