புற்றுக்குள் நுழைந்த உடும்பு

காஞ்சிபுரத்தை அடுத்து, செய்யாற்றங்கரையில் அமைந்த பாடல் பெற்ற தலம் மாகறல். அங்குள்ள திருமாகறலீசுவரருக்கு உடும்பீசர் என்றும் ஒரு பெயருண்டு. கருவறையிலுள்ள இலிங்கம் உடும்பின் வாலைப் போல ஒடுங்கிய தோற்றமுடையது. இராசேந்திர சோழன் பொன்னிற உடும்பொன்றைக் கண்டு துரத்தச் செய்தான் என்றும், அது புற்றுக்குள் நுழைந்தது என்றும், புற்றை வெட்டியபோது வாலில் ஆயுதம் பட்டுக் குருதி பெருக, இறைவன் அவ்விடத்தே வெளிப்பட்டான் என்றும் தலபுராணம் கூறும்.

இலக்கியம் கற்பிப்பவர்களாகிய நமக்கு முதலில் இடறுவது காலக்கணக்கு. ஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடியது 7ஆம் நூற்றாண்டில். இராசேந்திரன் ஆண்டது 11ஆம் நூற்றாண்டில். ஆகவே இதனைக் கோயில் தோன்றிய வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் இக்கதையைச் சொன்னவர் உடும்பை நன்கறிந்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை.

நம் ஊர்ப்புறங்களில் காணப்படுவது வங்க உடும்பு. வாலோடு சேர்த்து ஐந்தரை அடிக்கு மேலும் வளரக்கூடியது; அந்நீளத்தில் பாதிக்கு மேல் வாலே. காலையில் வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொண்ட பின்னரே இரை தேடப் புறப்படும். பாம்பினுடையதைப் போன்ற பிளவுபட்ட நாவை நீட்டி நீட்டி மணத்தை அறியும். வண்டு, தேள், நண்டு, நத்தை, எலி, பறவை முட்டை, செத்த விலங்கு என எதையும் விடாது. ஆபத்தென்றால் மரப்பொந்திலோ வளையிலோ புற்றிலோ புகுந்துகொள்ளும். பெண் உடும்பு மண்ணைத் தோண்டி முட்டையிடும். அதற்குக் கறையான் புற்றையும் நாடும். புற்றின் உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகம் மாறுவதில்லை. முட்டைகள் பொரிய ஆறு மாதங்களுக்கு மேலும் ஆகுமாதலால் அத்தகைய காப்பிடம் தேவையாகிறது. ஆப்பிரிக்காவின் நைல் உடும்பு புற்றை உடைத்து முட்டையிட்டுச் சென்றபின், கறையான்களே அவ்வுடைப்பை அடைத்துவிடுகின்றன. புராணத்து உடும்பு புற்றுக்குள் நுழைந்ததில் அற்புதம் ஏதுமில்லை. அது அதன் இயல்பு.

சங்கப் புலவர்க்கும் இவ்வுயிர் அண்மையிலேயே இருந்தது. புறநானூற்று 68ஆம் பாடலில், பசியால் விலா எலும்பு தெரியும் பாணர் சுற்றத்துக்குத் தோலுரித்த உடும்பு உவமையாகிறது. 326ஆம் பாடலில் அது உணவாகிறது. இப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது, உடும்பை நேரில் கண்டவர் யார் என்று கேட்பது நம் வழக்கம். கை உயர்த்துவோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். 'உடும்புப்பிடி' என்ற சொல்லோ அனைவருக்கும் தெரியும்.

உடும்பைக் கொல்வதற்குக் காரணங்கள் பல இருந்தன. இறைச்சி வலுவூட்டும், கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் மூட்டுவலியைப் போக்கும் என்ற நம்பிக்கைகள் ஒருபுறம். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையால் கச்சேரி மேடையேறிய கஞ்சிராவுக்கு மரபாகப் போர்த்தப்பட்டதும் உடும்புத் தோலே. இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத்தோலும் அவ்விடத்துக்கு வந்துள்ளன. ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பை உலர்த்தி, 'ஹத்தா ஜோடி' என்னும் அரிய வேரெனப் பூசைக்கு விற்பதும் நடக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இடம்பெற்றிருந்தும் வேட்டை ஓயவில்லை.

இந்நிலையில் மாகறல் கதையில் நம்மை நிறுத்துவது அதன் பின்பகுதி. குருதியைக் கண்ட சோழன் வேட்டையைத் தொடரவில்லை. கோயில் எழுப்பினான் என்கிறது புராணம். வெட்டுண்ட உயிரையே வணங்கச் சொன்ன ஊர் அது. அவ்வணக்கம் கருவறையோடு நின்றுவிடாமல், வயல்வரப்பில் இருக்கும் புற்று வரைக்கும் நீள வேண்டும். இடையூறு செய்யாத புற்றை இடிக்காமல் விட்டுவைப்பதற்குப் பெரும் பக்தி வேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் ஓர் உடும்பு முட்டையிட அதுவே போதுமானது.