நெவாடாப் பாலைவனத்தில் ஒரு பாடசாலை

லாஸ் வேகஸ் நகரத்துச் சூதாட்ட மாளிகைகளின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கையிலேயே நமது மோட்டார் பஸ் புறப்பட்டுவிட்டது. வடமேற்கே 65 மைல் பிரயாணம். காமிராவும் டெலிபோனும் கொண்டுவரலாகாது என்பது உத்தரவு. ஆகவே நாம் எடுத்த படம் ஒன்றும் இக்கட்டுரையில் இல்லாததை நேயர்கள் மன்னிப்பார்களாக!

1951 முதல் 1992 வரை அமெரிக்க சர்க்கார் 928 அணுகுண்டுப் பரீட்சைகளை நடத்திய பூமி இது. அவற்றில் 100 திறந்த வெளியில் நடந்தவை. மற்றவர்கள் 1962-ல் உண்டான ஸெடான் பள்ளத்தைக் காண ஆவலாயிருந்தனர். நமது மனமோ மெர்குரி என்னும் ஊருக்கருகே டெஸர்ட் ராக் படைமுகாம் இருந்த வெற்றிடத்தைவிட்டு அகலவில்லை. பாடஞ் சொல்லிப் பிழைப்பவனுக்குப் பாடசாலை இருந்த இடந்தானே யாத்திரை ஸ்தலம்!

அணுகுண்டுக்கு அஞ்சாதிருக்கச் சிப்பாய்களுக்கு இங்கேதான் போதனை நடந்தது. முதலில் பிரசங்கம், பிறகு கேள்வித்தாள். வெடிப்புக்கு முன்னும் பின்னும் மனோதத்துவ நிபுணர்கள் அவர்களைப் பரிசோதித்தனர். ஒளியைப் பார்க்காதே, குனிந்திரு, அதிர்ச்சி கடந்ததும் எழுந்திரு என்பவை கட்டளைகள். 1951 நவம்பர் 1-ந் தேதி, முதற் பயிற்சியில், சிப்பாய்கள் 7 மைலுக்கப்பால் இருந்தார்கள். 1953-ல் பதுங்கு குழிகள் சுமார் 4,000 கெஜத்துக்கு நெருங்கிவிட்டன. வெடித்தபின் அவ்விடத்தை நோக்கி முன்னேற வேண்டும். திரும்பியதும் உடுப்பில் படிந்த தூசியைத் துடைப்பத்தால் ஒருவருக்கொருவர் தட்டிவிட்டுக் கொள்வார்கள். ஆம், வீட்டில் நாம் கூட்டும் அதே துடைப்பம்!

மார்பில் குத்திக்கொள்ளும் பிலிம் சின்னம் ஒன்றும் உண்டு. கதிர்கள் பட்டால் பிலிம் கறுக்கும். கழுவிப் பார்த்து அளவை அறிவார்கள். ஆனால் மூச்சோடு உள்ளே சென்ற தூசியை அது காட்டாது. அன்றியும் சில பயிற்சிகளில் ஒரு படைக்குழுவுக்கு ஒரு சின்னம் என்பதே ஏற்பாடு. ஒரு மாணவனுடைய விடைத்தாளைத் திருத்திவிட்டு வகுப்பு முழுவதற்கும் அதே மார்க்கைப் போடும் உபாத்தியாயரை எந்தப் பெற்றோர் பொறுப்பர்?

1957 ஆகஸ்ட் 31-ந் தேதி வெடித்த 'ஸ்மோக்கி' குண்டின் சக்தி 44 கிலோ டன். அதில் சம்பந்தப்பட்ட 3,224 பேரை ஆராய்ந்து 1980-ல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று நான்கு பேருக்கு எதிர்பார்க்கத்தக்க ரத்தப் புற்றுநோய் ஒன்பது பேருக்குக் கண்டிருந்தது. வேறு பரீட்சைகளில் கலந்தவர்களிடம் இது இவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சில புற்றுநோய்களுக்கு நஷ்ட ஈடு அளிக்கும் சட்டம் 1988-ல்தான் வந்தது. இரகசியப் பிரமாணத்தின் கட்டு 1996-ல் அவிழ்ந்தது. அதுவரை மனைவியிடங்கூடக் கண்டதைச் சொல்லக்கூடாது! இதற்கிடையே 1973-ல் ஸெயின்ட் லூயி நகர தஸ்தாவேஜுக் கட்டடம் தீப்பற்றி, ஏராளமான சிப்பாய்களின் சேவைக் குறிப்புகள் சாம்பலாயின. தான் அங்கே நின்றதை ஒரு கிழவர் எதைக்கொண்டு நிரூபிப்பார்?

பத்திரிகை நிருபர்கள் 1952-ல் அமர்ந்து குண்டு வெடிப்பை வேடிக்கை பார்த்த மரப் பெஞ்சுகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கின்றன. அவற்றினருகே சற்று உலாவினோம். பஸ்ஸில் ஏறுமுன் கால்சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைக் கையால் தட்டிவிட்டோம். தட்டிய பிறகே அந்தத் துடைப்பங்கள் ஞாபகம் வந்தன.